பாட்டியின் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்

குழு: வடக்குத் தெரு வீடு

செல்வி அத்தை: இன்று அம்மாவுக்கு ஐப்பசி பூரட்டாதி. 81 முடிந்தது. காலையில் கோயிலில் அர்ச்சனை செய்தாயிற்று, பாயசமும் வைத்தேன். சாயங்காலம் எல்லோரும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பெரியப்பா: ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

கவிதா: அத்தை, பாட்டிக்கு என் வணக்கம். அவர்களிடம் இதையும் சொல்லுங்கள். பூரட்டாதி என்பது இரண்டு நட்சத்திரம் அல்லவா, அந்த இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் மேற்கே தள்ளி, மங்கலாக இன்னொன்று இருக்கிறது. பெயர் 51 பெகாசி. நம் சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தையும் கோள் சுற்றுகிறது என்று முதன்முதலில் தெரிய வந்தது அங்கேதான், 1995ல்.

அருண்: அக்கா, பூமி மாதிரியா?

கவிதா: இல்லைடா, வியாழன் மாதிரி. எடை வியாழனில் ஏறக்குறைய பாதி. முழுக்க வாயு, கால் வைக்கத் தரை கிடையாது. ஆனால் வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற 12 வருஷம் ஆகிறது, இது நாலேகால் நாளில் சுற்றிவிடுகிறது! சூரியனுக்கும் புதனுக்கும் இடையே 5.8 கோடி கிலோமீட்டர். இதற்கும் அதன் நட்சத்திரத்துக்கும் வெறும் 80 லட்சம். வெப்பம் 1000 டிகிரியை ஒட்டி இருக்கும்.

அருண்: அந்தக் கணக்கில் பாட்டிக்கு 81 × 365.25 ÷ 4.23. ஏறக்குறைய 7000 வயது!

செல்வி அத்தை: அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அடுப்புக்கு அவ்வளவு பக்கத்தில் வெறும் வாயு இருந்தால் ஆவியாகிப் போய்விடாதா என்று கேட்கிறார்கள்.

கவிதா: பாட்டி கேட்டது சரியான கேள்வி. கோளின் எடை அதிகம் என்பதால் தன் ஈர்ப்பிலேயே வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. இருந்தாலும் இந்த வகைக் கோள்களில் கொஞ்சம் கசியத்தான் செய்கிறது. 51 பெகாசி இருக்கிற அதே பெகாசஸ் நட்சத்திரக் கூட்டத்தில் எச்டி 209458 பி என்று இன்னொரு கோள் உண்டு. அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதை ஹபிள் தொலைநோக்கி கண்டது, 2003ல் அறிவித்தார்கள்.

பெரியப்பா: சரி கவிதா, 50 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற கோளை எப்படிப் பார்த்தார்கள்?

கவிதா: கோளைப் பார்க்கவில்லை பெரியப்பா, நட்சத்திரத்தைத்தான் பார்த்தார்கள். சின்ன வயதில் நீங்கள் என் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றுவீர்களே, அப்போது நான் பெரிய வட்டம் போடுவேன், நீங்களும் நின்ற இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவீர்கள். நட்சத்திரமும் அப்படித்தான். நம் பக்கம் வரும்போது அதன் ஒளி துளி நீலத்துக்கு நகரும், விலகும்போது சிவப்புக்கு. அதை அளந்தால் கோள் இருப்பது தெரிந்துவிடும்.

கவிதா: எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கதை. ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மேயரும் அவருடைய மாணவர் டிடியே கேலோவும் பிரான்சில் ஓட் ப்ரொவான்ஸ் ஆய்வகத்தில் எலோடி என்ற கருவியை வைத்து அளந்தார்கள். நாலு நாளுக்கு ஒரு முறை ஆட்டம் வந்ததும் கேலோ முதலில் நினைத்தது கருவியிலோ தன் நிரலிலோ ஏதோ கோளாறு என்றுதான். வியாழன் அளவுக் கோள் அத்தனை பக்கத்தில் இருக்கும் என்று அப்போது அநேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் நட்சத்திரம் சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. காத்திருந்தார்கள். ஜூலையில் திரும்ப அளந்தபோது கணக்குப் போட்டு வைத்திருந்தபடியே எல்லாம் வந்தது. அக்டோபரில் ஃபுளோரன்சில் அறிவித்தார்கள். 2019ல் இருவருக்கும் நோபல்.

பெரியப்பா: சர்வே வேலையில் நாங்களும் அப்படித்தான். அளவு இடித்தால் முதலில் கருவியைப் பார்ப்போம், பிறகு நாம் எழுதியதைப் பார்ப்போம், நிலத்தைக் கடைசியில்தான் சந்தேகப்படுவோம். அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

அருண்: அக்கா, அவ்வளவு பெரிய கோள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது?

கவிதா: அங்கேயே பிறந்திருப்பது கடினம். அந்தச் சூட்டில் பனி உறையாது, அவ்வளவு பெரிதாகச் சேர்வதற்குப் பொருளும் போதாது. தூரத்தில் குளிரில் உருவாகி, பிறகு உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பதே பலருடைய கருத்து. சுற்றியிருந்த வாயுத் தட்டு இழுத்து வந்ததா, வேறு கோள் தள்ளிவிட்டதா என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

செல்வி அத்தை: அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியுமா?

கவிதா: நல்ல இருட்டில் மங்கலாகத் தெரியும் அத்தை. பைனாகுலர் இருந்தால் நிச்சயம். இப்போது நம் கண்ணுக்கு வருகிற அதன் ஒளி நீங்கள் பிறந்த சமயத்தில் கிளம்பியது. எட்டு மணிக்கு மேல் தலைக்கு மேலே பெரிய சதுரம் ஒன்று தெரியும். அதன் மேற்குப் பக்கத்து இரண்டு மூலைகள்தான் பூரட்டாதி.

செல்வி அத்தை: அம்மா சொல்கிறார்கள், "இன்றைக்குப் பூரட்டாதி என்றால் நிலாவும் அந்தப் பக்கம்தானே நிற்கும், வெளிச்சத்தில் அது எங்கே தெரியப் போகிறது?"

கவிதா: ஆமாம்! எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டி சொல்வதுதான் சரி. அமாவாசையை ஒட்டிப் பார்ப்போம்.

பெரியப்பா: நான் பைனாகுலர் எடுத்து வருகிறேன்.

செல்வி அத்தை: மாடியில் கட்டில் போட்டு வைக்கிறேன். அருண், அன்றைக்கு நீ சீக்கிரம் வந்துவிடு, அம்மாவைக் கைபிடித்து ஏற்ற வேண்டும்.

அருண்: ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன் அத்தை.