31 அடி டிரெய்லர எஃப்-150 இழுக்குமா? கொலராடோ போகணும்

பிளேனோவாசி:
வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கத்துல பிளேனோல இருக்கோம். ஜூன்ல அப்பா அம்மா திருச்சில இருந்து வர்றாங்க, அவங்களையும் பையனையும் கூட்டிக்கிட்டு கொலராடோ வரைக்கும் போய்ட்டு வரலாம்னு ஒரு கேம்பர் டிரெய்லர் பாத்து வெச்சிருக்கேன். 31 அடி, காலி எடை 7,200 பவுண்டு. வண்டி ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின். விக்கிறவர் "11,000 பவுண்டு இழுக்கும் சார், கண்ண மூடிக்கிட்டு எடுங்க"ங்கறார். வீட்ல "அப்படி கண்ண மூடிக்கிட்டு ஓட்டுற வண்டில நான் ஏறமாட்டேன்"னுட்டாங்க. இழுத்துப் பழகினவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

கதவுஸ்டிக்கர்:
தம்பி, அந்த 11,000த்த மறந்துருங்க. டிரைவர் பக்கத்து கதவத் திறந்தா தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா டயர் பிரஷர் ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேந்து இத்தன பவுண்டுக்கு மேல ஏத்தாதன்னு போட்டிருக்கும். அதான் பேலோட். அந்த நம்பர் என்ன?

பிளேனோவாசி:
இப்பதான் போய்ப் பாத்தேன் அண்ணா, 1,580.

கதவுஸ்டிக்கர்:
சரி, கணக்கு போடுவோம். காலி எடைல யாரும் ஊருக்குப் போறதில்ல. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, அப்புறம் தண்ணி, ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் ரொப்பினா அதுவே 330. எப்படியும் 8,500 வந்துரும். அதுல 10லேந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல, அதான் டிரக்குக்குப் பின்னாடி டிரெய்லர மாட்டுற கொக்கி மேல உக்காரணும், 13னு வெச்சா 1,105. அந்த பாரத்த முன் சக்கரத்துக்கும் பிரிச்சு விடுற வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் தனியா ஒரு 90. ஆக 1,195 போச்சு, மிச்சம் 385. நீங்க அஞ்சு பேரும் சேந்து எவ்ளோ?

பிளேனோவாசி:
680 இருக்கும். அப்போ கிட்டத்தட்ட 300 பவுண்டு ஓவர், இன்னும் ஒரு பெட்டிகூட ஏத்தல!

டால்ஹார்ட்ல_தப்பிச்சவன்:
ஹிட்ச்ல பாரம் ஜாஸ்தின்னு சாமான பின்னாடி தள்ளி வைக்கலாம்னு மட்டும் யோசிக்காதீங்க பாஸ், அதத்தான் நான் செஞ்சேன். ஜெனரேட்டரும் நாலு சைக்கிளும் பின் பம்பர் பக்கம், டெக்சாஸ் வடக்குல அமரில்லோ தாண்டி டால்ஹார்ட் போற ரோட்டுல பக்கக்காத்து, ஒரு பெரிய லாரி என்ன முந்திப் போகுது, அவன் தாண்டினதும் டிரெய்லர் வால ஆட்ட ஆரம்பிச்சுது பாருங்க, கண்ணாடில ஒரு தடவ லெஃப்ட்ல தெரியுது ஒரு தடவ ரைட்ல தெரியுது. கால் பிரேக்குக்குப் போயிடுச்சு, இன்னும் மோசமாச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்து ஸ்டியரிங்க நேரா புடிச்சுக்கிட்டு, டிரைவர் கிட்ட இருக்கற பிரேக் கன்ட்ரோலர்ல டிரெய்லர் பிரேக்க மட்டும் கையால அழுத்தினேன், இழுத்துப் புடிச்ச மாதிரி நேராச்சு. ஓரங்கட்டி பத்து நிமிஷம் ஸ்டியரிங்ல இருந்து கைய எடுக்கல. 70 மைல் ஸ்பீடுல போயிருக்கேன், அந்த டிரெய்லர் டயருக்கு 65தான் லிமிட், அதையும் அன்னிக்குதான் படிச்சேன்.

ஆறுவருஷம்:
ரொம்ப பயமுறுத்தாதீங்கப்பா. நானும் ஹாஃப்-டன்லதான், அதான் எஃப்-150 சைஸ் டிரக்லதான் இழுக்கறேன், கொலராடோ எல்லைல இருக்கற ரேட்டன் பாஸ் மலைப்பாதை 7,834 அடி, அதெல்லாம் டர்போ இருக்கறதால மூச்சு வாங்காம ஏறிடும். ஆனா என்னோடது 24 அடி, ரொப்பினாலும் 5,800 தாண்டாது. ஏறுறது பிரச்சனையே இல்ல, இறங்குறதுதான். டோ/ஹால் மோடு (பாரம் இழுக்கும்போது கியர மாத்திக் குடுக்கற பட்டன்) போட்டு கியர்லயே இறங்குங்க, பிரேக்க தேச்சுக்கிட்டே வந்தா கீழ வரும்போது பிரேக் இருக்காது. வாங்கினதும் லாரி நிக்கிற இடத்துல கேட் ஸ்கேல்ங்கற எடை மேடைல ஏத்திப் பாருங்க. டிரக்கோட முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர்னு தனித்தனியா சீட்டு குடுப்பான்.

பிளேனோவாசி:
31 அடிய விட்டாச்சு. அதே 24 அடிக்கு கணக்கு போட்டா 5,800ல 13 சதவீதமும் அந்த 90ம் சேத்து ஹிட்சுக்கு 844, நாங்க 680, மிச்சம் 56. அம்மா போன்ல, "மாவு அங்கயே அரைச்சுக்கலாம், கிரைண்டர எடுத்து வைடா"ங்கறாங்க. அது எங்க வைக்கறது?

கதவுஸ்டிக்கர்:
டிரெய்லர் சக்கரத்துக்கு நேர் மேல, தரையோட தரையா. ஆட்டுக்கல்ல மட்டும் தனியா கழட்டி துணில சுத்தி வைங்க.