வீட்டுக்காரம்மாவின் கையெழுத்தும் 800 பாத்தும்

முன்னாள் கிராணி, பாடாங் செராய்:

தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் நம்ம ஊரிலிருந்து காடியில் இரண்டு மணி நேரம் போனால் சயாம், அதாவது தாய்லாந்து, எல்லை. அதனாலேயே, ஓய்வுக்குப் பிறகு அங்கே போய் இருக்கப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. தூரம் கம்மிதான். நிரப்ப வேண்டிய பாரம்தான் ஜாஸ்தி.

ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், அங்குள்ள வங்கியில் 800,000 பாத் கிடக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். இதை எல்லா ஏஜெண்டும் சொல்வார்கள். டிஎம்30 என்று ஒரு பாரம் இருப்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர்களுடைய 1979ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் 38ஆம் பிரிவு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தங்கும் விடுதி என்றால் விடுதிக்காரர் தெரிவிப்பார். தங்குகிறவர் தலையில் இந்தப் பிரிவு எதையும் வைக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் அதைச் செய்யாமல் விட்டால் கவுண்டரில் மாட்டுவது நாம்தான்.

2024 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு மாறினேன். அதே ஊரில் இரண்டு சந்து தள்ளித்தான். பழைய வீட்டுக்காரர் நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறார். நல்ல மனிதர், அப்போது அது எனக்குத் தெரியவில்லை. புது வீட்டுக்காரம்மா காலையில் மீ (நூடுல்ஸ்) சூப் விற்கிறவர், கணவர் இல்லை. சாவியைக் கொடுத்தார், தண்ணீர்க் குழாயை எப்படி மூடுவது என்று காட்டினார், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். பாரம் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த மாதம் விசாவை நீட்டிக்கப் போனேன். கட்டணம் 1,900 பாத், வங்கிக் கடிதம், கணக்குப் புத்தகம், படம், எல்லாம் சரி. அதிகாரி கடப்பிதழின் (பாஸ்போர்ட்டின்) கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே பின் அடித்திருந்த துண்டுச் சீட்டில் பழைய முகவரி. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சாவ் பான்." வீட்டுக்காரர் என்று அர்த்தம். அவரைக் கூட்டிக்கொண்டு வா என்று கை காட்டினார்.

அந்த அம்மாவோ மகள் பிரசவத்துக்காக வேறு மாநிலத்தில் இருக்கிறார். என் விசா முடிய ஒன்பது நாள். போன் போட்டால் அவருக்கு நான் பேசும் சயாம் பாஷை புரியவில்லை, எனக்கு அவருடைய அவசரம் புரியவில்லை. பக்கத்துக் கடைப் பையன் பேசிக்கொடுத்தான். நான்காம் நாள் காலை, இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய நீலப் புத்தகம். தாபியன் பான் என்பார்கள், வீட்டுப் பதிவுப் புத்தகம். அதன் நகல், அவருடைய அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்த நகல். ஒவ்வொரு நகலிலும் "சம்னாவ் தூக் தோங்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அசலுக்குச் சரியான நகல் என்று பொருள். அந்த அம்மா ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கை நடுங்கியது. தன்னைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்தாராம், பிறகு பையன் சொன்னான்.

அபராதம் 800 பாத். சட்டப்படி அது அவருடையது. அவர் பையைத் திறப்பதற்குள் நான் வைத்துவிட்டேன். ரசீதில் ஆண்டு 2567 என்று இருந்தது. கிராணி புத்தி, கண் முதலில் அங்கேதான் போனது. பௌத்த ஆண்டு, நம்முடையதோடு 543 கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தோட்டத்து ஆபீசில் பல வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். பிறப்புப் பத்திரம் இல்லை என்று எத்தனை பேரை "போய் எடுத்துட்டு வா" என்று அனுப்பியிருக்கிறேன்! அவர்கள் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அன்றைக்கு அந்த அதிகாரி முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை.

அடுத்த மாதம் வாடகையில் அந்த அம்மா 800 பாத்தைக் கழித்துக்கொண்டுதான் வாங்கினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற டீச்சர்:

கிராணி ஐயாவுக்கு முப்பது என்றால் எனக்கு நாற்பத்தேழு. டிஎம்47, தொண்ணூறு நாள் பதிவு. தொடர்ந்து 90 நாள் அங்கே இருந்தால் இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு 90 நாளும். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பேர் கொடுப்பார்களே, அதுதான். என் அப்பா வாழ்க்கை முழுக்கப் பெரட்டுக்கு நின்றார். மகள் படித்து டீச்சராகி, அறுபது வயதுக்கு மேல் நிற்கிறாள்.

நான் செய்த தப்பு, 90 நாளை மூன்று மாதம் என்று எடுத்துக்கொண்டது. உள்ளே வந்தது ஜூலை 3. நாட்காட்டியில் அக்டோபர் 3 என்று வட்டம் போட்டு வைத்தேன். வந்து இறங்கும் நாளே முதல் நாள், ஜூலைக்கும் ஆகஸ்ட்டுக்கும் 31 நாள். எண்ணிப் பார்த்தால் தொண்ணூறாம் நாள் செப்டம்பர் 30. கணக்குப் பாடம் எடுத்தவள் நான், வெளியே சொல்லாதீர்கள்.

நேரில் போவதானால் 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை இடம் உண்டு, அதனால் தப்பித்தேன். இணையத்தில் பின்னால் ஒரு நாள்கூடக் கிடையாது. கெடுவுக்கு 7 நாள் முன்பே அது மூடிவிடும். ஏழு நாளும் தாண்டிவிட்டால் நாமே போய் நின்றாலும் 2,000 பாத். இடையில் ஊருக்கு வந்து திரும்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் நான் இப்போது எண்பதாவது நாளை ஒட்டி அம்மா திதி, பேரன் பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு காரணம் வைத்து ஊருக்கு வந்துவிடுகிறேன். பேரன் பிறந்தநாள் வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது.

பழைய லோரிக்காரர்:

டீச்சர், வெளியே போகும்போது மறுநுழைவு அனுமதி எடுக்க மறக்காதீர்கள். ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800. எடுக்காமல் எல்லை தாண்டினால் நீட்டித்த விசா அதோடு போச்சு. பேரன் பிறந்தநாள் ரொம்பச் செலவாகிவிடும்.

என் கதை வேறு. மனைவி சயாம்காரி, வீடு அவள் பேரில். ஆகவே சட்டப்படி அவள் சாவ் பான், நான் வந்து தங்கியிருக்கும் அந்நியன். முன்பெல்லாம் நான் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து திரும்பினால் போதும், "இந்த ஆள் மறுபடி வந்துவிட்டார்" என்று சொந்தப் புருஷனைப் பற்றி அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். சண்டை நாட்களில் அவள் வேண்டுமென்றே 23ஆவது மணி நேரம் வரைக்கும் இழுத்ததும் உண்டு.

2020 ஜூன் கடைசியிலிருந்து அதைத் தளர்த்திவிட்டார்கள். மறுநுழைவு அனுமதியோடு போய், அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபடி பதிய வேண்டியதில்லை. கிராணி அண்ணே மாதிரி வீடு மாறினால் பதியத்தான் வேண்டும். ஆனால் ஒரு கவுண்டரில் வேண்டாம் என்பார்கள், இன்னொரு கவுண்டரில் கேட்பார்கள். வாக்குவாதம் பண்ணுவதைவிடப் பதிந்து சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது மேல். இது சட்டம் இல்லை, லோரி ஓட்டினவன் புத்தி.

லயத்தில் பிறந்தவள்:

நீங்கள் எல்லாம் சயாமில் வெளிநாட்டுக்காரர். என் அம்மா இதே ஊரில் வெளிநாட்டுக்காரர். கைக்குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர், இன்னும் சிவப்பு ஐ.சி.தான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்ததும் இங்கேதான்.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்த பிறகு தரைவீட்டுக்கு வந்தோம். முகவரி மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் சொல்ல வேண்டும். குடிமக்களின் நீல ஐ.சி. ஆனாலும் சிவப்பு ஆனாலும் அதுதான் விதி. யாருக்குத் தோன்றும்? மருத்துவமனைக் கடிதம் ஒன்று வரவே இல்லை என்று தேடியபோதுதான் தெரிந்தது, அம்மாவின் அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரி. அந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது.

மாற்றப் போன அன்று அம்மா அழுதார். கைரேகை சரியாகப் பதியவில்லை என்று நினைத்தேன். அதற்கில்லை. "அந்தப் பேரும் போயிருச்சா" என்றார், தோட்டத்துப் பேரை. கிராணி ஐயா, அம்மாவின் அந்தப் பழைய முகவரியை எழுதிக் கொடுத்தது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

முன்னாள் கிராணி, பாடாங் செராய்:

நானாகத்தான் இருக்கும்மா. தோட்டத்துப் பேர், டிவிஷன், அவ்வளவுதான் எழுதுவோம், லயத்து நம்பர்கூடப் போடுவதில்லை. கடிதம் ஆபீசுக்கு வரும், பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்போம். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

இன்னும் ஓய்வு பெறாதவன்:

ஐயா, பொங்கலுக்கு இரண்டு இரவு உங்கள் வீட்டில் வந்து தங்கலாம் என்று இருக்கிறேன். அதற்குமா இந்தப் பாடு?

முன்னாள் கிராணி, பாடாங் செராய்:

இரண்டு இரவு என்றாலும் அதே 24 மணி நேரம்தான் தம்பி. தாராளமா வா. 2025 மே 1இலிருந்து, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். ஏதாவது ஒரு ஓட்டல் பேரைப் போட்டுவிட்டு என் வீட்டில் வந்து படுக்காதே. எல்லையில் கடப்பிதழில் சாப்பு (முத்திரை) வாங்கினதும் அந்தப் பக்கத்தையும் கடப்பிதழின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, வீட்டுக்காரம்மாவுக்குத் தட்டிவிடுகிறேன். இப்போது அவரே போனில் பதிகிறார். போன மாதம் என் மச்சானுக்குப் பதிந்துவிட்டு, முடிந்தது என்று கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். மீ சூப் மட்டும் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும், அதற்கு முன்னால் எழுந்துவிடு.