பல்பு மாற்றப் போய் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

காட்டுக்கோழி (பெருந்துறை)

போன மார்கழியில் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. நாட்டுக்கோழிக் குஞ்சு ஐம்பது, பொரித்து அஞ்சாம் நாள். தகரத்தை வட்டமாக வளைத்து நடுவில் 100 வாட் குண்டு பல்பு இரண்டு தொங்கவிட்டிருந்தோம், எல்லாரும் செய்வதுதான். ஒன்று முந்தின நாளே போயிருந்தது, அன்றைக்குச் சாயங்காலம் மற்றதும் பியூஸ். வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினால், "குண்டு பல்பெல்லாம் இப்ப ஆருங்க வாங்கறாங்க, இந்த 12 வாட் எல்இடி ரெண்டு போடுங்க, பழைய 100 வாட் வெளிச்சம் வரும், கரண்டும் மிச்சமுங்க" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெளிச்சம் முன்னைவிடப் பளிச்சென்றுதான் இருந்தது, சாளைக்கு வெளியே களம் வரைக்கும் விழுந்தது. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

விடிகாலை நாலு மணிக்கு ஆத்தா வந்து எழுப்பினார். குஞ்செல்லாம் தகரத்தோரமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கிறது. குவியலை விலக்க விலக்க அடியிலிருந்து தட்டையாக ஒவ்வொன்றாக வருகிறது. பதினொன்று. ஆத்தா பல்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் இருக்குது, சூடு எங்கடா?" என்றார். பத்தாவது வரை இயற்பியல் படித்தவன் நான், பள்ளிக்கூடமே போகாதவர் அவர்.

முட்டை லோடு (நாமக்கல்)

வருத்தமாக இருக்கிறது. ஆனால் இனிமேல் ஆகாமல் இருக்கச் சில விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். குண்டு பல்பு என்பது பேருக்குத்தான் விளக்கு, அது தின்கிற கரண்டில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. 100 வாட் இரண்டு போட்ட இடத்தில் 12 வாட் இரண்டு போட்டால் அடுப்பை எடுத்துவிட்டு அகல் விளக்கு வைத்த மாதிரி. முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சையே பாருங்கள். பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கத்தினால் குளிர், பல்பை விட்டு ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பரவலாக மேய்ந்தால் சரி. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் 250 வாட் அகச்சிவப்பு பல்பு வாங்குங்கள், ஆனால் அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும், வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, கரிச்சட்டி ஒன்று தயாராக இருக்கட்டும். முட்டைக்கோழிக் கொட்டகைக்கு மட்டும் எல்இடி தாராளமாகப் போடலாம், அதற்குச் சூடு தேவையில்லை, பகல் வெளிச்சத்தையும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் போதும். எல்லாப் பல்பையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது.

எனக்கு நடந்தது: அந்த அகச்சிவப்பு பல்பைச் சாதா பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினேன். ஹோல்டர் இளகிப் பல்பு, குஞ்சுக்கு அடியில் விரித்திருந்த கடலைத்தோல் மேல் விழுந்தது. பகல் என்பதால் தப்பித்தோம்.

காட்டுக்கோழி (பெருந்துறை)

யோசனை கேட்டு எழுதலைங்ணா. ஆனாலும் பீங்கான் ஹோல்டரைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ரிப்பும் பாடியும் (திருப்பூர்)

உங்களுக்குப் பதினொரு குஞ்சு, எங்களுக்கு ஒரு ஆர்டர். பனியன் கம்பெனியில் துணியின் கலர் பார்க்கிற லைட் பாக்ஸ் இருக்கும், பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச். அதில் டி65 டியூப் ஒன்று கருத்துப்போய்விட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் டியூப்பைப் பார்த்தார், 6500 என்று போட்டிருந்தது. பக்கத்துக் கடையில் கிடைத்த சாதா வெள்ளை டியூப்பிலும் 6500 என்றே போட்டிருந்தது. நீளமும் அதே, பின்னும் அதே. மாட்டிவிட்டார். எரிந்தது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை, நான்தான் அந்தப் பெட்டிக்கு முன்னால் தினமும் நிற்கிறவன்.

நேவி ப்ளூ டி-ஷர்ட், காலருக்குப் போடுகிற ரிப் துணி மட்டும் வேறு லாட்டில் சாயம் போட்டு வந்தது. பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் ரிப்பும் பாடியும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. ஓகே செய்து தைக்கக் கொடுத்தாச்சு. பையர் பக்கத்திலிருந்து தரம் பார்க்க (க்யூசி) வந்தவர் ஒரு பீஸை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வாசலுக்குப் போய் வெயிலில் நின்றார். பின்னாலேயே போனேன். காலர் மட்டும் கத்தரிக்காய்க் கலரில் தனியாகத் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, காலரையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த இரண்டு நிமிஷம்தான் இப்போதும் தூக்கத்தில் வருகிறது.

6500 என்ற எண் வெள்ளை எந்தச் சாயலில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த வெள்ளைக்குள் எந்தெந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லாது. அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று தெரிந்துகொள்ள சிஆர்ஐ என்கிற அளவைப் பார்க்க வேண்டும், லைட் பாக்ஸ் என்றால் அதற்கென்றே விற்கிற டியூப்தான் வாங்க வேண்டும். விலை அதிகம்தான். ரிஜெக்ட் ஆன சரக்கின் விலையோடு வைத்துப் பார்த்தால் டீக்காசு.

வாய்க்கால் மேடு (கோபி)

எங்கள் அம்மிச்சி வீட்டு ஆசாரத்தில் ராத்திரி எரிகிற ஜீரோ வாட் பல்பு. பேர்தான் ஜீரோ, பழையது 15 வாட் தின்னும், அதனால் அரை வாட் எல்இடி மாற்றிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து போன்: "கண்ணு, ஸ்விச்ச அமத்துனாலும் எரியுதுடா, பூனைக்கண்ணு மாதிரி மினுங்குது." மாமாவை அனுப்பிப் பார்க்கச் சொன்னால் அவர் பகலில் போய்ப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை, உனக்குக் கண்ணு மங்கிருச்சு" என்றிருக்கிறார். அம்மிச்சி அதற்கப்புறம் ஒரு வாரம் ஆசாரத்தில் படுக்கவே இல்லை, கட்டுத்தரைப் பக்கம் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அந்தக் குளிரில்.

நான் போன அன்றைக்கு ராத்திரி பார்த்தேன், நிஜமாகவே மினுங்கியது. ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. பழைய வயரிங்கில் ஸ்விட்ச்சை, கரண்ட் வருகிற பேஸ் வயருக்குப் போடாமல், திரும்பிப் போகிற நியூட்ரல் வயருக்குப் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக அணைத்துவிட்டோம் என்று நம்பி அந்த ஹோல்டரில் கை வைத்திருக்கிறோம். கசிகிற துளிக் கரண்டில் குண்டு பல்பு எரியாது, எல்இடி எரிந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

முட்டை லோடு (நாமக்கல்)

இண்டிகேட்டர் வைத்த ஸ்விட்ச்சாக இருக்கும். அதை மாற்றினால் சரியாகிவிடும்.

வாய்க்கால் மேடு (கோபி)

அது கறுப்பு உருண்டைக் குமிழ் ஸ்விட்ச்சுங்க, அதில் எங்கே இண்டிகேட்டர்? நீங்கள் சொல்வதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, அணைத்திருக்கும்போது மினுக்குகிற சின்ன விளக்கு வைத்த ஸ்விட்ச் என்றால் அதன் வழியாகவும் கசியும். ஆனால் இண்டிகேட்டர் என்று நினைத்து ஸ்விட்ச்சை மட்டும் மாற்றிவிட்டு ஹோல்டரில் பேஸை அப்படியே விட்டால் யார் தலையில் விழும்? முதலில் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தறிச்சத்தம் (சோமனூர்)

தறிக்குடோனில் பழைய டியூப்லைட் பட்டியிலேயே எல்இடி டியூப் மாட்டினேன். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுக்கச் சொல்லி அட்டையில் படம் போட்டிருந்தது, அதையும் செய்தேன். படத்தில் கரண்ட் ஒரு முனைக்கு மட்டும் என்று போட்டிருந்ததை, எந்த முனை என்று பார்க்காமல் விட்டேன். டியூப்பைத் திருப்பி மாட்டியிருக்கிறேன், அந்தப் பக்கத்து இரண்டு பின்னும் உள்ளுக்குள்ளேயே இணைந்திருந்திருக்கிறது. சுவிட்ச் போட்டதும் டப்பென்று ஒரு நீலப் பொறி, குடோன் மொத்தமும் இருட்டு, ஆறு தறியும் நின்றது. அந்த அமைதி இருக்கே. பதினைந்து வருஷத்தில் அந்தக் குடோனை அப்படிக் கேட்டதில்லை. எங்கள் அப்பாரு வெளியே திண்ணையிலிருந்து "என்றா ஆச்சு?" என்று கேட்டது ரோட்டுக்கே கேட்டது.

இப்போது பட்டியில் பெயிண்ட்டால் கரண்ட் முனைக்குச் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன்.

எளநி (பொள்ளாச்சி)

சுருக்கமாகச் சொல்கிறேன். கேட் தூணில் மூடிய கண்ணாடி உருண்டை, அதற்குள் 9 வாட் எல்இடி, ஒரே வருஷத்தில் மூன்று போச்சு. தோட்டத்து லைன், மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், நின்றால் ஏறும், அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் வீட்டுக்குள் அதே கம்பெனி, அதே 9 வாட், அதே லைனில் நாலு வருஷமாக எரிகிறது. மூன்றாவது போனபோது உருண்டையைக் கழற்றிப் பல்பின் அடிப்பாகத்தைப் பிடித்தேன், சுட்டுவிட்டது. மேலே வெள்ளை மூடி சில்லென்று, கீழே கழுத்து மட்டும் காப்பி நிறத்தில் கருகியிருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் அந்தச் சூடு பல்புக்குள் இருக்கிற சர்க்யூட்டைத் தின்றிருக்கிறது. இப்போது 5 வாட், மஞ்சள் வெளிச்சம். பூச்சியும் முன்னளவுக்கு வருவதில்லை.

முட்டை லோடு (நாமக்கல்)

வோல்டேஜும் ஒரு காரணம்தான். மட்டமான பல்பில் தாங்காது.

எளநி (பொள்ளாச்சி)

அதே பல்பு உள்ளே எரிகிறது என்று இப்போதுதானே எழுதினேன்.

காட்டுக்கோழி (பெருந்துறை)

சண்டை வேண்டாம் சாமி. அடுத்த பொரிப்பு தை கடைசியில். 100 வாட் குண்டு பல்பு யாரிடமாவது இருக்கிறதா? ஈரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், 60தான் இருக்கிறது.

தறிச்சத்தம் (சோமனூர்)

எங்கள் அப்பாரு அட்டாலியில் ஒரு பெட்டி போட்டு வைத்திருக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரியாது. நாலு தாட்டிவிடுகிறேன். உங்கள் ஹோல்டர் பின் டைப்பா, திருகா? அதை முதலில் பார்த்துச் சொல்லுங்க.