சம்பா யாருடையது, ரியோவா, பாஹியாவா?

கடல்காகம்:
பிரேசிலின் கார்னிவல் திருவிழாப் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் "சம்பா ரியோ நகரத்தில் பிறந்த ஆட்டம்" என்றே எழுதுகிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிரேசிலின் வடகிழக்கு மாநிலமான பாஹியாவில், சால்வடோர் நகரத்தை ஒட்டிய ரெகோன்கவோ பகுதியில் 'சம்பா டி ரோடா' (வட்ட சம்பா) இன்றும் ஆடுகிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழியில் வந்தது அது. வட்டத்தின் நடுவில் ஒரே ஒரு பெண். பாதம் தரையை விட்டு எழும்பாது, உரசி உரசியே நகரும். ஓரத்தில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைக் கத்தியால் சுரண்டித் தாளம் போடுவார். ஆடி முடித்தவள் அடுத்தவளின் வயிற்றோடு வயிறு முட்டி அவளை வட்டத்துக்குள் அழைப்பாள். ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டு ஆட்டங்களிலும் இந்த முட்டல் உண்டு. 2005-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபு என்று அறிவித்தது இந்த சம்பாவைத்தான்.

பனைமேடு:
நெல்லிலிருந்துதான் அவல் வருகிறது. அதற்காக அவலை நெல் என்போமா? உலகம் இன்று சம்பா என்று ஆடுவது ரியோவின் எஸ்தாசியோ பேட்டையில் உருவானது. 1916-ல் ரியோ இசைக்கலைஞர் டோங்கா சம்பா என்று பதிவு செய்த 'பெலோ டெலிஃபோனி' பாட்டைக் கேளுங்கள், மஷீஷி என்ற பழைய ஜோடி ஆட்டத்தின் நடைதான் அதில் இருக்கும். அந்த நடை கூடத்தில் ஆடச் சரி, தெருவில் ஊர்வலமாகப் போக உதவாது. 1928-ல் எஸ்தாசியோ இளைஞர்கள் 'தேஷா ஃபலார்' என்ற சம்பா குழுவைத் தொடங்கி அந்த நடையையே மாற்றினார்கள். அவர்களில் ஒருவரான அல்செபியாடிஸ் பார்சேலோஸ் பெரிய வெண்ணெய் டின்னின் வாயில் சிமெண்ட் பை காகிதத்தை இழுத்துக் கட்டி 'சுர்டோ' மேளம் செய்தார் என்பார்கள். அந்தக் கனத்த அடி இல்லாமல் ஊர்வலம் ஏது?

கடல்காகம்:
சரி, டோங்காவின் பாட்டு எந்த வீட்டில் உருவானதாகச் சொல்கிறார்கள்? ரியோவின் பிராசா ஒன்சே சதுக்கத்துக்குப் பக்கத்தில் தியா சியாத்தா என்ற பெண்ணின் வீட்டில். அவர் பாஹியாவிலிருந்து வந்தவர், தெருவில் பலகாரம் விற்றவர். போலீஸ் கெடுபிடி இருந்த காலத்தில் பின்கட்டில் சம்பா ஆட இடம் கொடுத்தார். டோங்காவின் அம்மாவும் பாஹியாக்காரர்தான்!

செம்பருத்தி:
ஒன்று சேர்க்கிறேன். ரியோ கார்னிவலில் ஒவ்வொரு சம்பா பள்ளியும் (ஊர்வலத்தில் போட்டியிடும் குழுக்களுக்கு அதுதான் பெயர்) வயதான பெண்கள் அகன்ற பாவாடையோடு சுழன்று வரும் அணியைக் கட்டாயம் இறக்க வேண்டும். அந்த அணிக்குப் பெயரே 'பாஹியானாஸ்', அதாவது பாஹியாப் பெண்கள்.

பனைமேடு:
அந்த மரியாதை அவர்களுக்கு உரியதுதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் பாவாடை சுழல்வது சுர்டோவின் அடிக்கு, தட்டும் கத்தியும் போடும் தாளத்துக்கு இல்லை.