உளுந்துக்கு தடையே இல்லையே, பணம் ஏன் நடுவுல நிக்குது?

பயின்னாங் பயறுக்கடை:
வணக்கம் அண்ணன்மாரே. ரங்கூன்ல தாத்தா காலத்துல இருந்து பயறு யாவாரம் எங்களுக்கு. போன மாசம் சென்னைக்கு ஒரு கண்டெய்னர் உளுந்து, எஸ்கியூங்குற உயர்ந்த ரகம், போய் இறங்கியாச்சு, வாங்குனவரும் டாலர் அனுப்பிட்டேங்குறாரு, ஆனா பணம் நடுவுல ஏதோ பேங்க்ல நிக்குதாம். அமெரிக்கா தடைங்குறாங்க. விக்கிறது நாங்க வாங்குறது இந்தியா, அமெரிக்கா இதுல எங்க வருது? விவசாயிக்கு பாக்கி குடுக்கணும், தூக்கமே இல்ல. பர்மாவும் உலக வர்த்தக அமைப்பு, அதான் டபிள்யூடிஓ, அதுல மெம்பர்தானே, அங்க கேக்க முடியாதா?

பழைய ஷிப்பிங் ஆளு:
தம்பி, தடை உளுந்து மேல இல்ல, ஆள் மேலயும் பேங்க் மேலயும்தான். டாலர் பெரும்பாலும் நியூயார்க் பேங்க் வழியாத்தான் போகுது, அங்க போனா அவங்க சட்டம்தான். மியன்மா ஃபாரின் ட்ரேட் பேங்க்கை 2023 ஜூன் 21ல எஸ்டிஎன்னுங்குற அமெரிக்க தடைப் பட்டியல்ல சேத்தாங்க, ராணுவத்தோட கம்பெனிங்க எம்இஹெச்எல், எம்இசி ரெண்டையும் 2021 மார்ச்லயே. பட்டியல்ல இருக்கிறவங்க 50 சதவீதமோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற கம்பெனி பேரு பட்டியல்ல இல்லாட்டியும் தடைதான், நம்ம ஆளுங்க மாட்டுறது இங்கதான். கிடங்கு யாருது, லாரி யாருதுன்னு பாத்தியா?
முதல்ல பேங்க்ல ஒண்ணு கேளு, பணம் ப்ளாக் ஆயிருக்கா, ரிஜெக்ட்டா, சும்மா விசாரணைக்கு நிறுத்தி வச்சிருக்கா? ரிஜெக்ட்னா அனுப்புனவருக்கே திரும்பிரும். ப்ளாக்னா தனி கணக்குல பூட்டிருவாங்க, ஓஃபாக்ல, அதான் தடைய கவனிக்கிற அமெரிக்க அரசு ஆபீஸ், லைசென்ஸ் வாங்காம அசையாது.

மில்காரர்:
2022 அக்டோபர்ல எஃப்ஏடிஎஃப், அதான் கறுப்புப் பண மோசடிய கண்காணிக்கிற உலக அமைப்பு, கருப்புப் பட்டியல்ல பர்மாவ போட்டதுல இருந்து தப்பே இல்லாத சரக்குக்கும் பேங்க் நூறு பேப்பர் கேக்குது. அடுத்த தடவ ரூபாய்ல வாங்க பாருங்க, பஞ்சாப் நேஷனல் பேங்க் வழியா ரூபாய்-கியாட் கணக்கு இருக்கு, டாலரே தொடவேண்டாம். இன்னொண்ணு, ஏற்றுமதி கட்டுப்பாடுங்கிறது வேற சட்டம், பொருள் மேல வர்றது. பருப்பு மில்லுக்கு கலர் சார்ட்டர், அதான் நிறம் பாத்து பருப்பு பிரிக்கிற மெஷின், வாங்குறவங்க உள்ள அமெரிக்க பார்ட்ஸ் இருக்கான்னு கேட்டுக்கங்க, 2021 மார்ச்ல அமெரிக்கா அந்த சட்டத்துல பர்மாவ கடுமையான நாட்டுப் பிரிவுக்கு மாத்திருச்சு.

சட்டம் படிச்சவன்:
டபிள்யூடிஓ கேள்விக்கு. டபிள்யூடிஓவோட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் காட், அதோட 21வது பிரிவுல தேச பாதுகாப்புன்னு ஒரு விலக்கு இருக்கு, பொருளாதார தடை போடுற நாடுங்க அதத்தான் காட்டுவாங்க. அத சொல்லிட்டா யாரும் பரிசீலிக்கவே கூடாதுன்னு ரஷ்யா வாதாடுச்சு, உக்ரைன் சரக்குப் பாதை வழக்குல 2019ல டபிள்யூடிஓ விசாரணைக் குழு அத ஏத்துக்கல, பரிசீலிச்சுட்டு ரஷ்யா பக்கமே தீர்ப்பு சொல்லுச்சு. பர்மா சம்பந்தமாவே ஒரு வழக்கு உண்டு. பர்மாவோட தொழில் பண்ற கம்பெனிகிட்ட அரசு கொள்முதல் கூடாதுன்னு மாசசூசெட்ஸ் மாநிலம் 1996ல சட்டம் போட்டுச்சு, ஐரோப்பாவும் ஜப்பானும் டபிள்யூடிஓ போச்சு, அந்த வழக்கு முடிவுக்கு வரல, கடைசில 2000ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அந்த சட்டத்த செல்லாதுன்னுருச்சு. ஆனா டபிள்யூடிஓவுல வழக்குப் போடுறது அரசாங்கம்தான், யாவாரி போக முடியாது.

பயின்னாங் பயறுக்கடை:
அண்ணே, காலையில கேட்டேன். ப்ளாக் இல்ல, நிறுத்திதான் வச்சிருக்காங்க. கிடங்கு சொந்தக்காரரோட பங்குதாரர் விவரம் கேக்குறாங்க, இப்ப அவர் வீட்டுக்குத்தான் கிளம்புறேன்.