பழைய கைட் துணியில் பை தைக்க முடியுமா?

மண்டபம் தையல்காரி:

வணக்கம். மண்டபத்தில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். பிளவுஸ், ஸ்கூல் யூனிஃபார்ம், பாவாடை இப்படி. எங்கள் பக்கக் கடலில் கைட் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள், பெரிய துணிப் பட்டம் (கைட்) இழுக்கப் பலகையில் நின்று கடல்மேல் சறுக்குவது. அங்கே வேலை பார்க்கிற என் நாத்தனார் மகன், கிழிந்து ஓரங்கட்டின கைட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் போட்டுவிட்டான். "எரிக்கப் போறாங்க அத்தை, நீங்க பை தைங்க, வர்றவங்க வாங்குவாங்க" என்கிறான்.

துணி என்னவோ பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாக. ஆனால் மிஷினில் வைத்தால் வழுக்குகிறது, தையல் சுருங்குகிறது. ஒரு இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை, இன்னொரு இடத்தில் விரல் பட்டாலே கிழிகிறது. உள்ளே ரப்பர் மாதிரி நீளமாக ஒன்று வேறு இருக்கிறது. என்ன ஊசி, என்ன நூல், எதை எடுப்பது, எதை விடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

கற்பிட்டிக் காற்று:

அக்கா, நான் இலங்கையில் கற்பிட்டி. கைட் பழுது பார்க்கிறதுதான் தொழில். சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, எழும்பினால் மே தொடங்கி ஒக்டோபர் வரை மேசையை விட்டு எழும்ப முடியாது, பிறகு வாடைக்கு இன்னொரு சுற்று. ஒட்டுப்போட்டும் சரிவராத கைட்டை எங்கள் வீட்டில் பையாகத்தான் வெட்டுகிறோம்.

முதலில் ஒன்று. கைட் முழுக்க ஒரே துணி இல்லை. காற்றுப் பிடிக்கிற அகலமான மேல்துணி ரிப்ஸ்டாப் பாலியஸ்டர், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம்தான். வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டங்களில் தடித்த இழை ஓடுகிறது, கிழிசல் அதில் வந்து முட்டி நின்றுவிடும். முன்பக்கக் குழாயும் குறுக்குக் குழாய்களும் டேக்ரான். அதுவும் பாலியஸ்டர்தான், ஆனால் மூன்று மடங்கு கனம். உள்ளே இருக்கிற ரப்பர் போன்றது காற்று அடிக்கிற டிபியு பை, இழுபடுகிற ஒருவகைப் பிளாஸ்டிக். அதைத் தைக்க மினக்கெட வேண்டாம், ஊசி போட்ட இடத்தில் இழுபட்டுக் கிழியும்.

நீங்கள் சொன்ன "விரல் பட்டாலே கிழிகிறது" வெயில் செய்த வேலை. உப்பு அல்ல, வெயில். சோதிக்க வழி: ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் கிழித்துப் பாருங்கள். கட்டத்தில் நின்றால் நல்ல துணி. நிற்காமல் சர்ரென்று போனால் யோசிக்காமல் தூர வையுங்கள், அதில் பை தைத்துக் கொடுத்தால் அரிசி வாங்கப் போன இடத்தில் சந்தி சிரிக்கும். வழமையாக முதலில் சாகிறது பின் ஓரம்தான், காற்றில் படபடவென்று அடித்தே களைத்துவிடும். முன்குழாயை ஒட்டின பகுதியிலும் மடிப்பு விழுகிற இடத்தைப் பாருங்கள். நடுப்பகுதி பெரும்பாலும் தேறும்.

12 மீட்டர் கைட் என்றால் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் துணி. ஒரு கடைப் பைக்குக் கைப்பிடியோடு அரை சதுர மீட்டர் வைத்தால் கணக்குக்கு 24 பை வரும். வராது அக்கா. ஒட்டுத் துண்டு, பழைய தையல், வெயில் தின்ற இடம் எல்லாம் போகப் பாதி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

கழுவுவது முக்கியம். உப்பும் மணலும் தையலுக்குள் உட்கார்ந்திருக்கும், ஊசி முனையை மழுக்கிவிடும். மண்டபத்தில் நல்ல தண்ணீர்க் கஷ்டம் தெரியும். ஐப்பசி மழைக்குக் கொடியில் விரித்துப் போட்டுவிடுங்கள், சும்மா வருகிற தண்ணீர். வெந்நீர் வேண்டாம்.

மேல்துணிக்கு 11 அல்லது 12 நம்பர் ஊசி, புதிதாக. டேக்ரானுக்கு 16. நூல் பாலியஸ்டர் மட்டும், பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். ஒரு தையலின் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே குறைக்காதீர்கள். நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். இந்தத் துணியில் விழுந்த துளை மூடாது, அதனால் பிரித்துத் தைக்கிற வேலையும் குண்டூசி குத்துகிற வேலையும் வேண்டாம். துணி காயப்போடுகிற கிளிப் போதும். வழுக்கினால் அடியில் பேப்பர்ப் பட்டை வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுங்கள். துணியை அமுக்குகிற மிஷின் காலின் அழுத்தத்தைத் தளர்த்தினாலே பாதிச் சுருக்கம் போகும்.

வெட்டின ஓரம் நூல் நூலாகப் பிரியும். சால்டரிங் அயர்னின் முனையால் கண்ணாடிமேல் வைத்து வெட்டினால் வெட்டும்போதே உருகி ஓரம் அடைந்துவிடும். சின்ன ஓரத்துக்கு ஊதுபத்தி நெருப்பே போதும். புகை நல்லதில்லை, வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று, எனக்குப் பிடித்தது. குறுக்குக் குழாயை நீளவாக்கில் பிரிக்காதீர்கள். அப்படியே குழாயாக ஒரு முழத்துக்கு வெட்டி, அடியில் வட்டத் துண்டு வைத்து, மேலே கயிறு கோத்தால் தண்ணீர்ப் போத்தல் பை. எங்களிடம் முதலில் விற்றுத் தீருவது அதுதான். கைப்பிடிக்குக் கைட்டின் கயிற்றைக் கட்டாதீர்கள், கையை அறுக்கும். கைட் வந்த முதுகுப் பை கிடைத்தால் விடாதீர்கள், அதன் நாடாவும் ஜிப்பும் புதுசாகவே இருக்கும்.

பாய்மரம் சென்னை:

கற்பிட்டி அண்ணன் சொன்னதற்கு மேல் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. துணி வேண்டும் என்றால் கைட்டோடு நிற்காதீர்கள், படகுப் பாயும் இருக்கிறது. சென்னையில் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இயங்குகிறது, பிள்ளைகள் பாய்மரப் பயிற்சிக்குப் போகிறார்கள். பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய வகைப் படகுக்குப் பாய் 5.76 சதுர மீட்டர். போட்டிக்கு ஆகாதபடி தொய்ந்த பாய் பைக்குத் தாராளம். ஆனால் அது கனமான, பசை ஏற்றிய டேக்ரான், அட்டை மாதிரி விறைப்பு. வீட்டு மிஷினில் இரண்டு மடிப்புக்கு மேல் ஏறாது. பாயில் ஒட்டியிருக்கும் எண்களைப் பிரித்துவிடாதீர்கள். எண் தெரிகிற பைக்குத்தான் கிராக்கி.

மஞ்சப்பை:

எல்லாம் சரி, ஆனால் இதுவும் பிளாஸ்டிக்தானே? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, நெய்யாத துணிப் பைக்கும் சேர்த்து. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டம் வேறு வந்தது. பருத்தி இருக்க இது எதற்கு?

மண்டபம் தையல்காரி:

மஞ்சப்பை அண்ணன் கேட்டது நியாயம்தான். ஆனால் இது நெய்த துணி, ஓரத்தில் இழை உருவிக் காட்ட முடிகிறது. நான் புதுசாக வாங்கவும் இல்லை, எரியப் போனதைத்தான் எடுத்திருக்கிறேன். அப்புறம், எங்கள் ஊரில் மஞ்சப்பையில் மீன் வாங்கிப் பாருங்கள், அந்தப் பையை அப்புறம் வேறு எதற்கும் எடுக்க முடியாது. இந்தத் துணியை அலசி உதறினால் காய்ந்துவிடுகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று ஏன் தைக்க வேண்டும், ஏலக்கடைக்கு வரும் பெண்களுக்கே மீன் பை தைக்கலாம் என்று தோன்றுகிறது. கற்பிட்டித் தம்பி, மீன் பட்டால் ஒன்றும் ஆகாதா?

கற்பிட்டிக் காற்று:

தைக்கலாம் அக்கா. ஆனால் துணியில் பூச்சு இருக்கிறது, அது சாப்பாட்டுக்கு என்று செய்த பூச்சு இல்லை. மீனை நேரே போடாமல் ஒரு டப்பாவிலோ தூக்குச் சட்டியிலோ வைத்துப் பைக்குள் இறக்கச் சொல்லுங்கள். அடியை டேக்ரானில் போடுங்கள், சட்டியின் கனம் தாங்கும். பக்கத் தையலை ஜீன்ஸ் பேண்டில் இருக்குமே, அப்படி மடித்து இரண்டு வரி ஓட்டுங்கள், மடிப்பு வெளிப்பக்கம் வரட்டும். உள்ளே மடிப்பு இருந்தால் செதில் போய் அதில் ஒட்டிக்கொள்ளும், எத்தனை அலசினாலும் வராது.