சாலையோரம் நிற்கும் நடுகல்லை எப்படிக் காப்பது?

கேள்வி:
தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில் இடுப்பளவு உயரமுள்ள பலகைக்கல் ஒன்று நிற்கிறது. வாளும் வில்லும் ஏந்திய வீரனின் உருவமும், அதற்கு மேல் தேய்ந்த சில வரி எழுத்துகளும் அதில் உள்ளன. ஊரார் அதை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். போரில் இறந்த ஒருவனுக்காக நட்ட கல் அது என்பது என் தலைமுறையில் பலருக்குத் தெரியாது. இப்போது சாலையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். கல்லைப் பெயர்த்துச் சற்றுத் தள்ளி சிமெண்ட் மேடையில் நிறுத்தி, உருவத்துக்கு வண்ணம் பூச இளைஞர்கள் திட்டமிடுகிறார்கள். அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம் என்று நான் சொன்னதற்கு வீட்டிலேயே எதிர்ப்பு. எது சரி?

மறுமொழி 1:
எங்கே வைப்பது என்பதைப் பிறகு பேசலாம். முதலில் எழுத்தைப் பதிவு செய்யுங்கள். செங்கம், தருமபுரிப் பகுதிகளின் பல்லவர் கால நடுகற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்துமுறை) உள்ளன. அரசனின் ஆட்சியாண்டில் தொடங்கி, எந்த ஊர்த் தொறுவை (அதாவது ஆநிரையை) யார் கவர்ந்தார், யார் மீட்கப் போனார் என்று கூறி, ‘பட்டான் கல்’ (இறந்தவனின் கல்) என முடிவது அவற்றின் பொதுவான அமைப்பு. செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல்லில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப்போய் இறந்த கருந்தேவக்கத்தியோடு, திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த ஒரு வரியின்மேல் யாரேனும் சிமெண்ட் பூசியிருந்தால், அந்த நாயை இன்று நமக்குத் தெரிந்திருக்காது. ஆகவே வண்ணமும் கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டவே வேண்டாம். இரவில் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால், பகலில் புலப்படாத எழுத்தும் நிழல்கட்டித் தெரியும். மைப்படி எடுப்பதை, அதாவது கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பதைப், பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
அருங்காட்சியக யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே போன கல்லுக்கு ஓர் எண் கிடைக்கும், ஆனால் எந்த மேய்ச்சல் நிலத்தைக் காக்க அவன் நின்றான் என்பது அறுந்துபோகும். தகடூர் அதியமான் இறந்தபின் அவனுடைய நடுகல்லுக்குப் மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்ப்பதை ஔவையார் பாடினார்; அந்தத் தகடூர்தான் உங்கள் தருமபுரி. பெயர் மறந்தாலும் படையலை மறக்காத ஊரைவிட நல்ல காவல் அந்தக் கல்லுக்கு வாய்க்காது என்றே நினைக்கிறேன்.

மறுமொழி 3:
மேலே சொன்னவருடன் பாதி உடன்படுகிறேன். வழிபாடு நின்றுபோன இடங்களில் நடுகற்கள் துணி துவைக்கும் கல்லாகவும் வரப்புக் கல்லாகவும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் அருங்காட்சியகமே புகலிடம். உங்கள் ஊரில் அந்த நிலை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு வாங்கி, படங்களுடன் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மனு கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டும் கிடைக்கும். சாலையைச் சற்று விலக்கிப் போடும்படி கேட்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும். அது நடக்காவிட்டால், துறையினர் முன்னிலையில் அதே நிலத்தில் சில அடி தள்ளி, முன்பு நோக்கிய திசை மாறாமல் நடச் சொல்லுங்கள். பொக்லைன் வைத்து இழுக்க மட்டும் விடாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் பகுதியிலும் எழுத்து இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மனு எழுதிவிட்டேன். ஆனால் என் பாட்டி வாரந்தோறும் கல்லின் தலையில் எண்ணெய் ஊற்றி, காலடியில் விளக்கேற்றுகிறார். அதை எப்படித் தடுப்பது?

மறுமொழி 1:
வழிபாட்டைத் தடுக்க வேண்டாம், முறையைச் சற்று மாற்றினால் போதும். எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்துதான் எழுத்தின் பள்ளத்தை அடைக்கின்றன. ஆகவே விளக்கை இரண்டடி முன்னால் ஓர் அகல்மாடத்தில் வைத்து, எண்ணெயை அந்த விளக்குக்கே ஊற்றும்படி கேட்டுப் பாருங்கள். பூவும் படையலும் எப்போதும்போல் நடக்கட்டும்.